தேடல் பெட்டி காட்டும் எண் சொல்லின் எண்ணிக்கை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சொல் நாளிதழ்களில் முன்பைவிட எத்தனை மடங்கு அதிகமாக வருகிறது என்று காட்டும் வரைபடங்கள் இப்போது ஆய்வேடுகளிலும் நடுப்பக்கக் கட்டுரைகளிலும் அடிக்கடி தென்படுகின்றன. இதழியல், சமூகவியல், தமிழ்த் துறை மாணவர்கள் பலர் இதைத் திட்டப்பணியாக எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலான வரைபடங்களுக்குப் பின்னால் நடந்திருப்பது ஒன்றே: நாளிதழின் இணையதளத் தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டி, வந்த எண்ணை ஆண்டுவாரியாகக் குறித்துக்கொள்வது. அந்த எண்ணை நம்பி ஒரு முடிவும் சொல்ல முடியாது. ஏன் என்பதையும், சரியாக எண்ண என்ன செய்ய வேண்டும் என்பதையும், உங்களைப் போன்ற பத்திரிகைகள் எப்படி உதவலாம் என்பதையும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தேடல் பெட்டி வாசகருக்குச் செய்தியைக் கண்டுபிடித்துக் கொடுக்க வைக்கப்பட்டது. அது எண்ணுவது செய்திகளை, சொற்களை அல்ல. ஒரு செய்தியில் ஒரு சொல் பன்னிரண்டு முறை வந்தாலும் அதற்கு ஒன்றுதான். செய்தியின் உடலில் சொல்லே இல்லாமல் குறிச்சொல்லில் மட்டும் இருந்தாலும் அதுவும் ஒன்று. பல தளங்களின் பின்னணியில் ஓடும் எலாஸ்டிக்சர்ச் மென்பொருள், மாற்றிச் சொல்லாவிட்டால், 10,000 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்ளும். மூன்று ஆண்டுகளுக்கும் சரியாக 10,000 என்று வந்தால் அது சமூகப் போக்கு இல்லை, மென்பொருளின் வரம்பு. கூகுளில் தளத்தின் பெயரைக் குறிப்பிட்டுத் தேடும்போது கிடைக்கும் ‘சுமார்’ இத்தனை முடிவுகள் என்பதும் மதிப்பீடுதான். கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தால் அதில் சிறு பங்குகூடத் தேறாது.

ஆகவே முதல் வேலை, செய்திகளின் உரையைத் தன் கணினியில் கோப்புகளாகச் சேர்ப்பது. ஆசிரியர் குழுவிடம் அனுமதி கேட்டு வாங்குவதே சிறந்த வழி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது என்றாலும், சேர்த்த செய்திகளை முழுதாக இணையத்தில் ஏற்றிவிடுவது அதில் அடங்காது. எண்ணிக்கைப் பட்டியலை வெளியிடலாம். தானியங்கி நிரல் வைத்து இறக்கினால், தானியங்கி நிரல்கள் எங்கே போகலாம் என்று சொல்லும் தளத்தின் ரோபோட்ஸ் கோப்பு (robots.txt) எதைத் தடுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு பக்கம் என்ற வேகத்தைத் தாண்ட வேண்டாம். இறக்கிய பக்கத்தை மூல வடிவிலேயே, இறக்கிய தேதியோடு வைத்திருங்கள். சுத்தம் செய்த உரையை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு பிழை தெரியவரும்போது திரும்பிப் போக வழியிருக்காது.

இனி எண்ணுவது. ‘வெள்ளம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் சென்னை மழைக்குப் பிறகு பல மாணவர்கள் விரும்பி எடுக்கும் சொல் இது. தமிழில் ஒரு பெயர்ச்சொல் செய்தியில் அகராதி வடிவில் வருவது குறைவு. ‘வெள்ளம்’ என்று மட்டும் தேடினால் ‘வெள்ளத்தில்’, ‘வெள்ளத்தால்’, ‘வெள்ளமும்’, ‘வெள்ளப்பெருக்கு’, ‘வெள்ள நிவாரணம்’ எதுவும் சிக்காது. உண்மையில் செய்தியின் பெரும்பகுதி இந்த வடிவங்களில்தான் இருக்கிறது. சரி, ‘வெள்ள’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் எண்ணலாமே என்று தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. கணினிக்கு ‘வெள்ளி’ என்பது ‘வெள்ள’ என்ற எழுத்துத் தொடரோடு இகரக் குறி ஒன்று சேர்ந்தது. நம் கண்ணுக்கு ‘ளி’ தனி எழுத்து. கணினிக்கு ‘ள’வும் ஒரு குறியும். ஆகவே வாரந்தோறும் வரும் வெள்ளிக்கிழமை முழுவதும் வெள்ளக் கணக்கில் ஏறிவிடும். வெள்ளி விலை, வெள்ளிப் பதக்கம், வெள்ளை அறிக்கை, வெள்ளாடு, வெள்ளோட்டம் எல்லாம் கூடவே வரும். ஒலிம்பிக் ஆண்டில் ‘வெள்ளம்’ பெருகும்!

உயிர்க்குறி தொடராத ‘ள’ மட்டும் வேண்டும் என்று நிபந்தனை போட்டால் வெள்ளியும் வெள்ளையும் நீங்கும். வெள்ளரிக்காய் நிற்கும். கோவை செய்திகளில் வெள்ளலூர் நிற்கும், திருப்பூர்ச் செய்திகளில் வெள்ளகோவில். கொழும்பு நாளிதழ்களை எண்ணுகிறவருக்கு வெள்ளவத்தை ஒன்றே போதும், கணக்கு முழுவதும் புரண்டுவிடும். ஆகவே எதை விலக்குவது என்பதோடு எதை ஏற்பது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்: தனித்து நிற்கும் ‘வெள்ள’, அடுத்து ‘ம’ வருவது (வெள்ளம், வெள்ளமும், வெள்ளமாக, வெள்ளமே), அடுத்து ‘த்’ வருவது (வெள்ளத்தில், வெள்ளத் தடுப்பு), அடுத்து ‘ப்’, ‘க்’, ‘ச்’ வருவது (வெள்ளப்பெருக்கு, வெள்ளக்காடு, வெள்ளச் சேதம்), அடுத்து ‘நீ’, ‘நி’ வருவது (வெள்ளநீர், வெள்ளநிவாரணம்). கடைசியில் ‘ந’ என்று பொதுவாகப் போட்டுவிட்டால் ‘வெள்ளந்தி’ மனிதர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். ‘க்’ வழியாக ‘வெள்ளக்கோவில்’ வரும்; அதற்கு விலக்குப் பட்டியலில் ஒரு வரி. ஒற்று மிகாமல் ‘வெள்ள பாதிப்பு’, ‘வெள்ளபாதிப்பு’ என்று எழுதும் பழக்கமும் செய்தித் தளங்களில் பரவலாக இருப்பதால், ஒற்றோடும் ஒற்றின்றியும் இரண்டு வடிவங்களையும் சேர்க்க வேண்டும். ‘பெருவெள்ளம்’, ‘மழைவெள்ளம்’, ‘காட்டாற்றுவெள்ளம்’ போல முன்னொட்டோடு வருபவை தனி வரிசை.

இவ்வளவும் செய்தபிறகு கிடைத்த வரிகளில் ஆண்டுக்கு நூறு வீதம் குலுக்கலில் எடுத்து, சொல்லுக்கு இருபுறமும் ஏழெட்டுச் சொற்களோடு அச்சிட்டு ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழியும் இல்லை. அப்போதுதான் ‘பக்தர்கள் வெள்ளம்’, ‘மக்கள் வெள்ளத்தில் மிதந்து வந்தார்’, ‘கண்ணீர் வெள்ளம்’ என்பவை தெரியவரும். தேர்தல் ஆண்டில் மக்கள் வெள்ளம் அதிகம். பொங்கல் வாரத்தில் ‘அச்சு வெள்ளம் விலை உயர்வு’ என்று ஒரு கூட்டம் வரும். அது வெல்லம், எழுத்துப்பிழை. நூறில் 18 வரிகள் இப்படிப்பட்டவை என்றால், அந்த ஆண்டின் எண்ணிக்கையில் 18 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். எல்லா ஆண்டுக்கும் ஒரே விகிதத்தைப் போட்டுவிடக் கூடாது, ஏனென்றால் அந்த விகிதமே ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

அடுத்தது எழுத்துருச் சிக்கல். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறிமுறையாக யூனிகோட் வந்துவிட்டதே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு சொற்கள். உரையை, இப்படிப்பட்ட இரு வழிகளையும் ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) என்ற இயல்பாக்க வடிவுக்கு மாற்றினால் இது தீரும். ‘ஸ்ரீ’யை அது தீர்க்காது: அதை ‘ஶ்’ கொண்டும் ‘ஸ்’ கொண்டும் எழுதும் இரு வழிகள் இருக்கின்றன, யூனிகோட் அவற்றைச் சமமாகக் கருதுவதில்லை. ‘ஔவை’யை ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டுவதும் அப்படியே. இவற்றுக்குக் கைப்பட மாற்று அட்டவணை எழுத வேண்டும். எழுத்துகளைச் சேரவிடாமல் தடுக்கும் இணைப்பிலிகளும், வரி முறியக்கூடிய இடத்தைக் குறிக்கும் மென்கோடுகளும் கண்ணுக்குத் தெரியாமல் சொல்லின் நடுவே கிடக்கும்; முதலிலேயே அவற்றை நீக்கிவிட வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விழும் குழி ஒன்று உண்டு. பைத்தான் நிரல்மொழியோடு வரும் வழக்கமான ‘ரீ’ (re) நூலகத்தில் ‘சொல்லெழுத்து’ என்பதற்கான குறி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக மதிப்பதில்லை. ‘வெள்ளம்’ என்பதைக் கொடுத்தால் ‘வ’, ‘ள’, ‘ளம’ என்று மூன்று சொற்களாகத் திருப்பித் தரும். நிரல் பிழை காட்டாது, ஓடி முடியும், அட்டவணையும் வரும். ஆங்கிலத்துக்கு எழுதிய பாடத்தை அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் கதி. யூனிகோடின் தமிழ்த் தொகுதி முழுவதையும் எழுத்து வரம்பாகக் கொடுத்துப் பிரிக்க வேண்டும்; அல்லது ‘ரீஜெக்ஸ்’ (regex) என்ற தனி நூலகத்தைப் பயன்படுத்தலாம். சோதனை எளிது: சொற்பட்டியலில் அதிகம் வரும் முதல் ஐம்பதைப் பாருங்கள். ‘என்று’, ‘இந்த’, ‘உள்ளது’ போன்றவை மேலே இருக்க வேண்டும். ஒற்றை எழுத்துகளாக இருந்தால் நிரல் சொல்லை நறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய இணையப் பக்கங்களும் மின்னிதழ் பிடிஎஃப்களும் இன்னொரு தலைவலி. யூனிகோடுக்கு முன்பு ஒவ்வொரு நாளிதழும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. டிஸ்கி, டாப், பாமினி, வானவில் என்று குறிமுறைகள் வேறு. உரையை நகலெடுத்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாக விழும். பொங்குதமிழ், என்எச்எம் போன்ற மாற்றிகள் அறிந்த குறிமுறைகளுக்கு நன்றாக வேலை செய்கின்றன. பிடிஎஃப்பில் யூனிகோட் இருந்தாலும் நிம்மதி இல்லை: கொம்பு அச்சில் எழுத்துக்கு இடப்புறம் நிற்பதால், சில பிடிஎஃப்களில் அது மெய்க்கு முன்னாலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அப்போது ‘வெள்ளம்’ தேடினால் ஒன்றும் கிடைக்காது, உரையில் அந்தச் சொல்லே இல்லை. சோதிப்பது சுலபம். சரியான தமிழில் எந்தச் சொல்லும் உயிர்க்குறியில் தொடங்காது. ஆகவே உயிர்க்குறியில் தொடங்கும் சொற்கள் கோப்பில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பூச்சியத்துக்கு அருகில் இருந்தால் சரி. நூற்றுக்கணக்கில் இருந்தால் அந்தக் கோப்பில் இடம்மாற்றம் தேவை. எல்லாக் கோப்புக்கும் ஒரே நிரலை ஓட்டிவிடாதீர்கள், சரியாக இருந்தவை கெட்டுப்போகும்.

1990களுக்கு முன்பு போக வேண்டும் என்றால் அச்சுப் பக்கத்தின் படம்தான் கதி. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து இதழ்களுக்கு நூலகம் நிறுவனம், தமிழ் முரசுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் என்று தேட இடங்கள் உண்டு. படத்திலிருந்து எழுத்துணரி மூலம் உரை எடுக்கும்போது இரண்டு பிழைகளை மட்டுமாவது கவனிக்க வேண்டும். ஒன்று, 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவை கால் ஒட்டிய வடிவில் இருக்கும். புது எழுத்தில் பழகிய எழுத்துணரி துதிக்கையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ‘வெள்ளைக்காரர்’ ‘வெள்ளக்காரர்’ ஆகிவிடக்கூடும். விடுதலைக்கு முந்தைய இதழ்களில் அவர்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை.

மற்றது, பலரும் கவனிக்காதது. தமிழ் நாளிதழ்கள் குறுகிய பத்தியில் இடம் போதாதபோது சொல்லை எங்கே வேண்டுமானாலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். முறித்த இடத்தில் கோடு போடும் வழக்கம் இல்லை. வரியின் கடைசியில் ‘வெள்’, அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘ளத்தில்’. எழுத்துணரி இரண்டையும் தனிச் சொற்களாக எழுதும். நீளமான சொல் முறிவதற்கு வாய்ப்பு அதிகம், ஆகவே நீளமான சொற்கள் அதிகம் காணாமல் போகும். வரி இறுதியையும் அடுத்த வரித் தொடக்கத்தையும் ஒட்டிப் பார்த்து, ஒட்டிய வடிவம் அதே இதழின் வரி நடுவே வேறெங்காவது வந்திருந்தால் சேர்த்துவிடலாம். இந்த எளிய முறையே பெரும்பாலானவற்றை மீட்டுவிடும்.

எழுத்துணரியின் பிழை விகிதம் காலத்துக்குக் காலம் மாறும் என்பதுதான் உண்மையான ஆபத்து. மங்கிய அச்சுள்ள பத்தாண்டில் பாதிச் சொற்கள் தவறினால், பிந்தைய பத்தாண்டில் அந்தச் சொல் ‘வளர்ந்ததாக’ வரைபடம் காட்டும். ஒவ்வொரு பத்தாண்டிலும் 20 பக்கங்களைக் குலுக்கலில் எடுத்து, கண்ணால் படித்து, சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள்; கணினி அவற்றில் எத்தனையைப் பிடித்தது என்று ஒப்பிடுங்கள். 50இல் 35ஐத்தான் பிடித்தது என்றால் அந்தப் பத்தாண்டின் எண்ணிக்கையை 0.7ஆல் வகுக்க வேண்டும். இருபது பக்கங்களில் சொல் நாலைந்து முறைதான் வருகிறது என்றால் பக்கங்களைக் கூட்டுங்கள்.

இணையச் செய்திகளுக்கு வேறு வகைத் தொல்லை. தலைப்பு ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் இருக்கும். ‘தொடர்புடைய செய்திகள்’, ‘அதிகம் வாசிக்கப்பட்டவை’ பெட்டிகள் வேறு செய்தியின் தலைப்புகளைச் சுமந்திருக்கும். அதுவும் பக்கத்தை இறக்கிய நாளின் தலைப்புகள். 2012ஆம் ஆண்டுச் செய்தியில் இந்த ஆண்டு வெள்ளம் புகுந்துவிடும். செய்தியின் உடலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஒரே முகமைச் செய்தி மாவட்டப் பக்கத்திலும் மாநிலப் பக்கத்திலும் இரண்டு முகவரிகளில் இருந்தால் ஒன்றை நீக்க வேண்டும். அடுத்தடுத்த ஐந்து சொற்களின் தொகுப்புகளை ஒப்பிட்டு, பத்தில் எட்டுக்கு மேல் பொருந்தினால் ஒரே செய்தி என்று கொள்ளலாம். தேதியையும் நம்பிவிட வேண்டாம். தளம் புதிய மென்பொருளுக்கு மாறியபோது பழைய செய்திகள் எல்லாவற்றுக்கும் மாற்றிய நாளே தேதியாகப் பதிவாகியிருப்பதுண்டு. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான செய்திகள் என்றால் அதுதான் காரணம். நேரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால், நம் நள்ளிரவு முதல் அதிகாலை 5.30 வரை ஏறிய செய்திகள் முந்தைய நாளில் விழும்.

விடுபட்ட நாட்களையும் குறித்துவைக்க வேண்டும். பண்டிகை விடுமுறை நாட்களின் விடுபடல் எதிர்பார்த்ததே. ஆனால் பேரிடரைப் பற்றிய ஆய்வில் விடுபடலுக்கும் பேரிடரே காரணமாக இருக்கலாம். 1878இல் தொடங்கிய இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு 2015 டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாத அளவுக்கு வெள்ளம். அச்சு இதழை மட்டும் எண்ணுகிறவருக்கு வெள்ளத்தின் உச்ச நாளில் பூச்சியம் கிடைக்கும்! விடுபட்ட நாளைப் பூச்சியமாகப் போடாமல் காலியாக விட்டு, மாதச் சராசரியை வெளிவந்த நாட்களைக் கொண்டு மட்டுமே கணக்கிட வேண்டும்.

எண்ணிக்கை கைக்கு வந்தபின் வகுக்க மறக்கிறார்கள். ஒரு கணக்கு: ஓர் ஆண்டில் 15 லட்சம் சொற்களில் 300 முறை, பிறகொரு ஆண்டில் 40 லட்சம் சொற்களில் 600 முறை. எண் இரட்டித்தது. பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை என்று பார்த்தால் முன்பு 200, இப்போது 150, குறைந்திருக்கிறது. தளங்கள் வெளியிடும் செய்திகளின் அளவு பெருகிக்கொண்டே போவதால் வகுக்காத எந்த வரைபடமும் மேல்நோக்கித்தான் போகும். தமிழில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது: ‘செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு பத்திரிகை ஒரே சொல்லாக எழுதுவதை இன்னொன்று ‘செய்யப் பட்டு உள்ளது’ என்று மூன்றாக எழுதும். பிரித்து எழுதும் பத்திரிகைக்கு வகுக்கும் எண் பெரிதாகி, விகிதம் சிறுத்துவிடும். இரு பத்திரிகைகளை ஒப்பிடும்போது சொற்களுக்குப் பதில் எழுத்துகளின் மொத்த எண்ணிக்கையால் வகுப்பது நியாயம். கூடவே, அந்தச் சொல் வந்த செய்திகள் ஆயிரத்துக்கு எத்தனை என்பதையும் தனியே கொடுக்க வேண்டும். ஒரே சிறப்பிதழ் ஒரு மாதத்தின் கணக்கைத் தூக்கிவிட்டதா என்பது அதில் தெரிந்துவிடும். சிறிய எண்களை வைத்துப் பெரிய முடிவு வேண்டாம். 5லிருந்து 9 ஆனது 80 விழுக்காடு உயர்வுதான். ஆனால் 9இன் வர்க்கமூலம் 3, அந்த அளவு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே நிகழும்.

ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று கட்டுப்படுவதும் தவறான முடிவுக்கே கொண்டுபோகும். தமிழ்நாட்டில் ‘பேரிடர்’ என்பது இலங்கை இதழ்களில் ‘அனர்த்தம்’. இங்கே ‘நிலச்சரிவு’, அங்கே ‘மண்சரிவு’. 2020இல் தினமணி ‘கரோனா’ என்று எழுதியது, தினத்தந்தி ‘கொரோனா’ என்றது. ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் ஒரு நாளிதழில் பெருந்தொற்றே வரவில்லை என்று முடிவாகும். பின்னோக்கிப் போனால் ‘வேட்பாளர்’ இருந்த இடத்தில் ‘அபேட்சகர்’, ‘அமைச்சர்’ இருந்த இடத்தில் ‘மந்திரி’. எண்ணத் தொடங்கும் முன் ஒவ்வொரு காலத்திலும் ஒரு வாரத்து இதழ்களைப் படித்துச் சொற்குடும்பத்தைத் திரட்டி, அதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். சொற்பட்டியல் இல்லாத எண்ணிக்கையை யாராலும் சரிபார்க்க முடியாது. ஆய்வு நெறியாளர்கள் இதை மட்டும் வலியுறுத்தினாலே பாதிப் பிழைகள் போய்விடும்.

இனி உங்களிடம் கேட்பது. பக்க வடிவமைப்புக்குப் போகும் முன் உங்கள் மேசைகளில் ஒவ்வொரு செய்தியும் சுத்தமான யூனிகோட் உரையாகத்தான் இருக்கிறது. அந்த நிலையில் அதைத் தேதி, பதிப்பு, பக்க எண் ஆகியவற்றோடு ஒரு பிரதி எடுத்துவைத்தால் பின்னாளில் பிடிஎஃப்போடு யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். இணையச் செய்தியில் முதலில் வெளியான நேரத்தையும் திருத்திய நேரத்தையும் தனித்தனியே காட்டுங்கள். தளத்தை மாற்றும்போது பழைய முகவரிகள் புதியவற்றுக்குத் திருப்பிவிடப்பட வேண்டும். நீக்கிய செய்திக்கு, நீக்கப்பட்டது என்ற குறிப்பாவது அந்த முகவரியில் இருக்கட்டும். முழு உரையையும் தர வணிகக் காரணங்கள் தடுக்கலாம், அது புரிகிறது. அப்படியானால் மாதம் ஒரு சிறு அட்டவணை போதும்: அந்த மாதம் வெளியான செய்திகள் எத்தனை, மொத்தச் சொற்கள் எத்தனை, எழுத்துகள் எத்தனை, வெளிவராத நாட்கள் எவை. ஆய்வாளர் எவ்வளவு உழைத்தாலும் வெளியிலிருந்து சரியாகக் கண்டுபிடிக்க முடியாத எண்கள் இவை. உங்கள் கணினிப் பிரிவு ஒருமுறை நிரல் எழுதிவிட்டால் பிறகு தானாகவே வந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
மொழித் தரவு பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.